காரணம் சொல்லாத எட்டு மனுக்கள்

என் அப்பா ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் என்னை ‘ஐயா’ என்று கூப்பிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கம், சர்க்கார் நாற்காலியில், நான். அன்று காலையில்தான் இருவரும் ஒரே பானைக் கஞ்சியைக் குடித்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தோம். நான் சைக்கிளில் ஆபீசுக்கு வந்தேன். அவர் வலைக் கயிறு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஆறு மைல் நடந்து என் பின்னாலேயே வந்திருக்கிறார்.

“ஐயா, ஒரு மனு இருக்கு,” என்று ஒரு காகிதத்தை நீட்டினார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்திலோ சிரிப்பின் சாயல்கூட இல்லை. தோளில் கிடக்கிற துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மாதா கோயில் பங்குச்சாமியார் முன்னால் நிற்பதுபோல நின்றார். நானும் முகத்தை இறுக்கமாக்கிக்கொண்டு மனுவை வாங்கிப் படித்தேன். ‘மேற்படி நிலத்தை சர்வகலாசாலைக்கு மாற்றிக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை உண்டு. காரணம் சொல்வதற்கில்லை.’ கீழே பெருவிரல் ரேகை. அவ்வளவுதான் மனு.

இது நடந்தது சுதந்திரம் வந்த சூட்டோடு சூடாக. எனக்கு இருபத்து மூன்று வயது. தாலுகா ஆபீசில் புதிதாகச் சேர்ந்த சர்வேயர். ஆட்சேபணை மனு வாங்குகிற குமாஸ்தா அம்மை போட்டுப் படுத்துவிட்டதால், அந்த மேசையையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. அந்த நாட்களில் இன்னும் நான்கு மேசையைக் கொடுத்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அளவுச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் தேசத்தையே நான்தான் அளந்து கொடுக்கப் போகிறேன் என்ற நினைப்பு. துணிக்கு ரேஷன். என்னிடம் இருந்ததோ ஒரே ஒரு நல்ல சட்டை. அதைத் தினமும் துவைத்துத் தினமும் போட்டுக்கொண்டு, ஜில்லாக் கலெக்டர் மாதிரி சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போவேன்.

அந்தச் சமயத்தில்தான் இந்த ஃபைல் வந்தது. எங்கள் கரைக்கு வடக்கே கடலை ஒட்டிக் கொஞ்சம் சர்க்கார் புறம்போக்கு உண்டு. ஒரு காலத்தில் முத்துக்குளிப்பு நடந்தபோது சர்க்கார் கொட்டகைகள் போட்ட இடம். அதற்கப்புறம் பல வருடங்களாகச் சிப்பியே கூடவில்லை. குளிப்பும் இல்லை, கொட்டகையும் இல்லை. சிப்பி ஏன் கூடவில்லை, மீன் எப்போது முட்டையிடுகிறது என்றெல்லாம் உட்கார்ந்து பார்க்க அங்கே ஒரு ஆராய்ச்சி நிலையம் கட்டப்போவதாகவும், இடம் வேண்டும் என்றும் சர்வகலாசாலை, இப்போது பல்கலைக்கழகம் என்கிறார்களே அது, கேட்டிருந்தது. எங்கள் கரையில் சர்வகலாசாலை! எஸ்.எஸ்.எல்.சி. தேறியவனே நான் ஒருவன்தான் என்றிருந்த கரை. ஃபைலைப் படித்த அன்று ஆபீசிலிருந்து வீடு வரைக்கும் கைப்பிடியைப் பிடிக்காமலே சைக்கிள் ஓட்டினேன். உப்பளத்துப் பக்கம் விழுந்து முட்டி தேய்ந்தது தனிக் கதை.

சர்க்கார் நிலத்தை சர்வகலாசாலைக்குக் கொடுப்பதென்றால் இந்தாரும் எடுத்துக்கொள்ளும் என்று கொடுத்துவிட முடியாது. ஊரில் தண்டோரா போடவேண்டும். நோட்டீஸ் ஒட்டவேண்டும். ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளைக்குள் எழுதிக் கொடுக்கலாம். பிறகு தாசில்தார் அந்த இடத்திலேயே விசாரணை வைப்பார். ஆட்சேபணையில் நியாயம் இருந்தால் எடுத்துக்கொள்வார். இல்லையென்றால் தள்ளுபடி செய்துவிட்டு, ஃபைலைக் கலெக்டருக்கு அனுப்புவார்.

அப்பாவின் மனு முதல் மனு. அந்த வாரத்துக்குள் இன்னும் ஏழு வந்தன. ஏழும் எங்கள் கரைச் சம்மாட்டிகள், அதாவது சொந்தமாக வள்ளம் வைத்திருக்கிறவர்கள் கொடுத்தவை. எட்டும் தபால் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் எழுதியவை; ஒரே எழுத்து, ஒரே வாசகம். ஆட்சேபணை உண்டு. காரணம் சொல்வதற்கில்லை.

தாசில்தார் ஆழ்வார்திருநகரிப் பக்கத்துக்காரர். நெற்றியில் நாமம், கோபம் வந்தால் அந்த நாமமும் சேர்ந்து ஏறி இறங்கும். எட்டு மனுவையும் சீட்டாட்டத்தில்போல விரித்து வைத்துக்கொண்டு, “என்ன ஓய் இது? ஆட்சேபணையாம், காரணம் இல்லையாம். விளையாடுதானுகளா?” என்றார். “இதுல இவரு யாரு, உம்ம அப்பாதானே? வீட்டுல கேட்டுச் சொல்லும்.”

வீட்டில் கேட்டேன். அப்பா காது கேட்காதவர்போல வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அம்மாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். “கல்யாணம் ஆன அன்னைக்கு ஒங்க அப்பன்ட்டப் பேர கேட்டேன். அதையே மறுநாதான் சொன்னாரு,” என்றாள் அம்மா.

உண்மையில் காரணம் இன்ன வகை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கரையில் பிறந்தவன்தானே. கடலுக்குள் மீன் கூடுகிற பாறைத் திட்டை ‘பார்’ என்போம். அது மேலே தெரியாது. கரையில் உயரமாக நிற்கிற ஒன்றையும், அதற்குப் பின்னால் தூரத்தில் தெரிகிற இன்னொன்றையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே வள்ளத்தை வெளியே கொண்டுபோவார்கள். இத்தனை பாகம், அதாவது இத்தனை கைவிரிப்பு ஆழம் என்று ஈயக் குண்டைவிட்டுப் பார்த்து, அந்த இடத்தில் தூண்டிலைப் போடுவார்கள். இந்த அடையாளத்துக்குக் கணியம் என்று பேர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணியம் உண்டு. அதை வெளியே சொல்வது பெண்டாட்டியின் தாலியை அடகு வைப்பதைவிடக் கேவலம். ஆகவே அந்தப் புறம்போக்கில் நிற்கிற ஏதோ ஒன்று அப்பாவுடைய கணியம். கட்டடம் கட்ட அதை இடித்துவிட்டால், எங்கள் பார் கடலுக்குள் எங்கே இருக்கிறது என்று அப்பாவாலேயே கண்டுபிடிக்க முடியாது. எங்கள் கஞ்சிப் பானை நிறைவது அந்தப் பாரிலிருந்துதான்.

எது அந்த அடையாளம் என்பது எனக்குத் தெரியாது. என் தம்பிக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் என்னை வள்ளத்தில் ஏற்றியபோது, கரை மறைவதற்கு முன்பே நான் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தேன். மூன்று தடவை ஏற்றிப் பார்த்துவிட்டு, ‘இவன் படிக்கட்டும்’ என்று அப்பா விட்டுவிட்டார். கடலுக்கு வராதவனுக்குக் கணியம் எதற்கு? அதில் நியாயம் இருந்தாலும் எனக்கு அது உறுத்திக்கொண்டேதான் இருந்தது. போதாததற்கு இப்போது நான் சர்க்கார் ஆள் வேறு. என்னிடம் சொன்னால் ஃபைலில் ஏறும், ஃபைலில் ஏறினால் ஊருக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு.

அந்தப் புறம்போக்கில் உயரமாக நின்றவை நான்கு. ஒற்றைப் பனை ஒன்று, பழைய கொடிமரம் ஒன்று, உப்புக் கொட்டடியின் இடிந்த சுவர், ‘உடை’ என்கிற முள்மரங்கள் நாலைந்து. எதுவென்று கண்டுபிடித்தே தீருவது என்று வீம்பாக இருந்தேன். ஆனால் கண்டுபிடித்தது என் சாமர்த்தியத்தால் இல்லை, முட்டாள்தனத்தால்.

மணல்மேடு மறைத்ததால், சாலைப் பக்கமிருந்து பார்த்து அளக்க உயரமான குறி ஒன்று தேவைப்பட்டது. சங்கிலி பிடிக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று மூங்கிலை நீளவாக்கில் ஒட்டுப்போட்டுக் கட்டினேன். எட்டத்திலிருந்து பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காக உச்சியில் ஒரு கட்டுப் பனையோலையை விரித்துக் கட்டி, அந்த ஒற்றைப் பனையிலிருந்து முப்பது கஜம் தள்ளி நட்டேன். நட்டுவிட்டுத் தூர நின்று பார்த்தேன். ராஜா மாதிரி நின்றது. இதைவிட நல்ல குறி இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று சங்கிலிக்காரர்களிடம் பெருமையடித்துக்கொண்டு, ஆளுக்கொரு டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் எட்டு வள்ளங்களும் வெறும் வள்ளமாகக் கரைக்கு வந்தன.

முதல் ஆள் என்னை டீக்கடைக்குப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். “தம்பி, அந்தப் பனைக்குப் பக்கத்துல ஒரு கம்பு நட்டிருக்கேல்லா? அத எடுத்துரு. ஏம்னு கேக்காத. நான் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லாத.” சரி என்று தலையாட்டினேன். அப்பாவின் ரகசியத்தைத் தேடினால் இவருடைய ரகசியம் கிடைக்கிறதே என்று நினைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனால், அங்கே இன்னொருவர் தண்ணீர் இறைப்பதுபோல நின்றார். “ஏலே, அந்தப் பனைக்குப் பக்கத்துல…” மூன்றாவது ஆள் மாதா கோயில் பூசை முடிந்து, சிலுவை போட்டுக்கொள்கிற சாக்கில் என் காதோரம் குனிந்தார். “அந்தப் பனை…” நாலாவது ஆள் மீன் கூடையோடு என் சைக்கிளை மறித்தார். ஐந்தாவது ஆள் பாதி சொல்லும்போதே மீதியை நான் சொல்லி முடித்துவிட்டேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏழாவது ஆள் வந்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல், வயிற்றுவலி என்று சொல்லி மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாவம், அவர் கசாயம் போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரே பனை! ஒருவருக்கு அதன் பின்னால் கோயில் கோபுரம், ஒருவருக்குக் கலங்கரை விளக்கு, ஒருவருக்கு மில் புகைக்கூண்டு, இன்னொருவருக்கு மேற்கே மங்கலாகத் தெரிகிற குன்று என்று இருக்கலாம்; அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பின்னால் வைக்கிற அடையாளம் வேறாகும்போது கோடும் வேறு, பாரும் வேறு. கடலுக்குள் அவரவர் அவரவர் இடத்தில் இருந்ததால், முன்னால் வைத்துப் பார்க்கிற பனை எல்லோருக்கும் ஒன்றுதான் என்பது யாருக்கும் தெரியவில்லை. தாத்தா காலத்திலிருந்து ஒவ்வொரு வீடும் அந்தப் பனை தனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தது. காலை வெயிலில், கடலிலிருந்து பார்க்கிறவர்களுக்கு என் ஓலைக் கம்புதான் பனையாகத் தெரிந்திருக்கிறது. எட்டுப் பேரும் வெறும் மணலுக்குள் தூண்டிலைப் போட்டுவிட்டு, விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

எட்டாவது ஆள் வீட்டுக்குள் இருந்தார். நான் உள்ளே நுழைந்ததுமே துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

“பனைக்குப் பக்கத்துல கம்பு நட்டது யாருல? ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? நான் எங்கன போயி நிக்கேன்னு எனக்கே தெரியலையே!”

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொல்லிவிட்டது அவருக்குத் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா அடுப்படியில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.

“அப்பா, விசாரணையில அதச் சொல்லிருங்க. சொன்னா பனைய விட்டுருவாங்க,” என்றேன்.

“சொல்லமாட்டேன். நீயும் சொல்லப்படாது. மாதா மேல ஆணை.”

“சொல்லலைன்னா வெட்டிருவாங்க.”

“வெட்டட்டும். எங்க அப்பா சாவுறப்பத்தான் எனக்குச் சொன்னாரு. அது காயிதத்துல ஏறப்படாது.”

கம்பை அன்றைக்கே பிடுங்கிவிட்டேன். மற்ற ஏழு பேரின் பனையும் அதுதான் என்று அப்பாவிடம் சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் ஏழு பேருக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று. அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு இருக்கிறதே, எட்டு வீட்டு ரகசியத்தையும் வயிற்றில் வைத்துக்கொண்டு, சாப்பிடும்போது சிரித்துப் புரையேறி, தூங்கும்போது சிரித்துத் தம்பியிடம் உதை வாங்கி, பைத்தியம் பிடித்தவன் மாதிரி அலைந்தேன்.

விசாரணை நாள் வந்தது. புறம்போக்கில் உடைமர நிழலில் மேசை போட்டிருந்தோம். ஊரே மணலில் உட்கார்ந்திருந்தது. சர்வகலாசாலையிலிருந்து வந்த பேராசிரியர், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, வந்த ஐந்தாவது நிமிடமே தண்ணீருக்குள் இறங்கி ஒரு நண்டைப் பிடித்துவிட்டார். அதைத் தொப்பிக்குள் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு வரைபடத்தை விரித்தார். கடல் தண்ணீரை ஏற்றி வைக்க உயரத்தில் ஒரு தொட்டி வேண்டுமாம். இருப்பதிலேயே உயரமான மேடு அந்தப் பனை நின்ற மேடுதான். பனையைச் சுற்றிச் சிவப்பு மசியால் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘அகற்றவேண்டியது’ என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பெல்லாம் வற்றிவிட்டது.

தாசில்தார் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என்ன காரணம்? சொல்வதற்கில்லை. என்ன காரணம்? சொல்வதற்கில்லை. எட்டாவதாக அப்பா. அவரும் அதையே சொல்லிவிட்டு மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். தாசில்தாருடைய நாமம் ஏறி இறங்கியது.

“எழுதும் ஓய். காரணம் ஏதும் தெரிவிக்காதபடியால் எட்டு ஆட்சேபணைகளும் தள்ளுபடி.”

‘காரணம் ஏதும் தெரிவிக்காதபடியால் எட்டு ஆட்சேபணைகளும்’ என்றுவரை எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை.

“ஏன் நிறுத்திட்டீர்?”

“மை தீந்துபோச்சுங்க,” என்றேன். அந்த நேரம் பார்த்துப் பேனா முனையிலிருந்து நெல்லிக்காய் அளவுக்கு மை காகிதத்தில் சொட்டியது. கூட்டத்தில் யாரோ களுக்கென்றார்கள்.

“எழுதும்!”

“எழுத முடியாதுங்க. அவங்களுக்குக் காரணம் இருக்கு. எனக்குத் தெரியும்.”

“என்ன காரணம்?”

நான் மாதாவை நினைத்துக்கொண்டு, “சொல்வதற்கில்லைங்க,” என்றேன்.

தாசில்தார் எழுந்தேவிட்டார். “ஒன்பதாவது ஆளா நீர்? சர்க்கார் சோத்தத் தின்னுட்டு சர்க்கார் உத்தரவ எழுத மாட்டீரா? நாளையிலேருந்து ஆபீசுக்கு வரவேண்டாம் ஓய். இந்த உத்தியோகத்த உம்மகிட்ட யாரு குடுத்தாங்கன்னு பாக்கேன்!”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சட்டைப்பையில் குத்தியிருந்த பேனாவின் மூடி மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது மணலில் ஒரு அசைவு. அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“அவன ஒண்ணும் செய்யாதிய. நான் சொல்லுதேன். அந்தப் பனைதான் என் கணியம். அத வெட்டுனா நான் கடல்ல குருடன்.”

ஒரு சம்மாட்டி, தன் ரகசியத்தை, ஊர் கூடியிருக்கிற இடத்தில்! அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்மாட்டி மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தார். அவர் கண் ரெண்டும் பிதுங்கியிருந்தது.

“எந்தப் பனை?”

“அந்தா நிக்கில்லா.”

“ஏலே, அது எங்க பனைல்லா!”

“ஒங்க பனையா? எங்க பாட்டன் காலத்துலேருந்து…” என்று மூன்றாவது ஆள் எழுந்தார். நாலாவது ஆள் எழுந்தார். ஐந்தாவது ஆள் எழும்போதே சிரித்துவிட்டார். எட்டுப் பேரும் எழுந்து நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, பனையைப் பார்த்து, மறுபடியும் முகத்தைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் அந்தக் கரையில் எழும்பிய சிரிப்பை நான் பின்னால் எங்கேயும் கேட்டதில்லை. ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டார்கள். வயதான சம்மாட்டி ஒருவர் மணலில் படுத்து உருண்டார். பெண்கள் கூடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். நண்டு தொப்பியிலிருந்து இறங்கித் தாசில்தாருடைய காகிதங்களின்மேல் நடந்ததை யாரும் கவனிக்கவில்லை.

பேராசிரியருக்கு நான் விளக்கிச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. “எட்டுப் பாரா? எவ்வளவு தூரம்? எத்தனை பாகம்? பின்னாடி வச்சுப் பாக்கறது என்ன?” என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். எட்டுப் பேரும் அந்தக் கணமே சிரிப்பை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தார்கள். கொண்டல் காற்று எப்படி என்று ஒருவர் இன்னொருவரிடம் கேட்டார். பேராசிரியர் நல்ல மனுஷர். நோட்டை மூடிவிட்டுச் சிவப்பு வட்டத்தை அடித்தார். தொட்டியைத் தெற்கே தள்ளிப் போட்டுக்கொள்வதாகவும், பனையைவிட உயரமாக எதையும் அதன் பக்கத்தில் கட்டுவதில்லை என்றும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். தாசில்தாரும் சிரித்துச் சிரித்து நீர் வந்த கண்ணைத் தலைப்பாகையைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “உக்காரும் ஓய். எட்டு ஆட்சேபணையும் ஏற்கப்பட்டதுன்னு எழுதும். அந்த நண்டையும் அங்கிட்டு எடுத்துப் போடும்,” என்றார். அந்த நிபந்தனையோடு நிலம் சர்வகலாசாலைக்குப் போனது.

எல்லோரும் கலைந்து போன பிறகு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அப்பாவோடு கரை வழியாக நடந்தேன். ஈர மணல் என்பதால் சக்கரம் புதைந்தது. நெஞ்சு முழுக்க ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் பக்கத்தில் நடக்கிறவர் என்னால்தான் ரகசியத்தை இழந்தார் என்பதும் உறைத்தது.

“எனக்காகச் சொல்லிட்டீங்களே அப்பா,” என்றேன்.

“பனையத்தான சொன்னேன்,” என்றார். கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு நின்று, முன்னும் பின்னும் பார்த்தார். இரண்டு கடற்காகங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை. இருந்தும் என் தோளைப் பிடித்து இழுத்து, பீடி வாசனை அடிக்கிற வாயைக் காதருகே கொண்டுவந்தார்.

பனைக்குப் பின்னால் எதை வைத்துப் பார்க்கவேண்டும், எத்தனை பாகத்தில் நங்கூரம் போடவேண்டும் என்று சொன்னார். இரண்டே வாக்கியம். வள்ளத்தில் ஏறினால் வாந்தியெடுக்கிற, ஒரு நாளும் அந்தப் பாருக்குப் போக முடியாத என்னிடம் சொன்னார். நான் சைக்கிளை மணலில் போட்டுவிட்டு அழுதேன். அதே மூச்சில் சிரிக்கவும் செய்தேன். “எதுக்குல கெடந்து சிரிக்க?” என்று கேட்டுவிட்டு அவரும் சிரித்தார். பல வருடங்கள் கழித்து அப்பாவும் போய், பிறகு தம்பியும் போய்விட்டான். அந்த இரண்டு வாக்கியமும் இப்போது என் ஒருவனிடம்தான் இருக்கின்றன. எத்தனையோ காகிதம் எழுதிய கை இது, அதை மட்டும் எழுதியதில்லை. இதிலும் எழுதப் போவதில்லை.